ரோஹிணிக்காகப் பூ கேட்டேன்

அன்புள்ள தேவசேனாவுக்கு,

நீயும் உன் கோபமும் சுகமா? முழங்கால் வலி எப்படி? திருப்பதி லாட்ஜ் சமையலறையில் நான் சௌக்கியம்.

ஒரு வெட்கக்கேடு. நம் மகள் படிப்பை விசாரிக்கக் கோச்சிங் சென்டர் போனவன், அந்த ஏசியில் தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டேனாம்.

ரோஹிணி போனில், “சிஏ படிச்சா நம்மூரு நகரியிலயே ஆடிட்டர் ஆபீஸ் போட்டுக்கலாம். லண்டன்காரங்க நடத்துற ஏசிசிஏ கணக்குப் படிப்பு படிச்சா வெளிநாட்டு வேலை. வெள்ளிக்கெழமைக்குள்ள சேரணும் நைனா” என்றாள்.

“உங்கம்மாவக் கேளு.”

“அம்மா உன்னத்தான் கேக்கச் சொல்லிக்கினு கீது.”

அவள் தூரதேசம் போவதை நினைத்தால் இரவில் தூக்கமில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள.

இன்று கங்கம்மா கோயிலில் பூ கேட்டேன். சிஏவுக்கு வெள்ளைப் பூ, ஏசிசிஏவுக்குச் சிவப்பு. இரண்டையும் இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன் வைத்து, ஒன்றை எடுக்கக் கண்ணை மூடினேன். திறந்தால், வேண்டுதலுக்கு வந்த ஆடு இரண்டையும் தின்றுவிட்டிருந்தது. எதை முதலில் தின்றது என்று பூசாரியைக் கேட்டேன். அவரும் கண்ணை மூடியிருந்தாராம்.

அவளுக்குப் பிடித்ததிலேயே சேரட்டும். நீயே சொல்லிவிடு, என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அடுப்பில் வேலை, நிறுத்துகிறேன்.

கமலக்கண்ணன்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.