கந்தகமா, அண்ணனின் கரியா

ஜனவரி 12, சனி

இன்று அண்ணனிடம் சொல்லாமல் விட்டது: மின்நிலையக் கொதிகலனுக்குள் சோதனைக்காக நான் வைத்த இரும்பு வளையம் அரிபடாமல் வெளியே வந்திருக்கிறது.

சௌனாவுக்குள், அதாவது நீராவிக் குளியலறைக்குள், வேலைப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது இன்று வசதியாகப் போய்விட்டது. ஆனால் ஆவி பறக்கும் உடம்போடு வெளியே பனியில் நிற்கும்போது அண்ணன் தார்மோவே கேட்டான். "என்னடி ஹில்லா, உன் கந்தகம் என் சோத்துல மண்ணைப் போட்டுருச்சா?"

"இன்னும் அளக்கணும்ணா."

அளந்தாகிவிட்டது.

ஜனவரி 14, திங்கள்

மரச்சீவலை மட்டும் எரித்தால் அதிலிருந்து கிளம்பும் குளோரின் நீராவிக் குழாய்களைத் தின்றுவிடும். சதுப்பு நிலத்து மக்கிய மண்ணை வெட்டிக் காயவைத்த சதுப்புக்கரியைக் கலந்தால், அதிலுள்ள கந்தகம் தடுத்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மின்நிலையம் இன்னும் எங்கள் சதுப்பிலிருந்து கரி வாங்குகிறது. கரியை விட்டுவிட்டு, வெறும் கந்தகத்தூளைத் தூவினால் போதுமா? இதுதான் என் ஆராய்ச்சி. போதும் என்றால் தார்மோ டிராக்டர் ஓட்டும் சதுப்பை மூடிவிடுவார்கள்.

வடக்கே கித்திலாச் சுரங்கத்தில் அவனுக்கு ஒரு வேலை மாதக் கடைசி வரை காத்திருக்கிறது. "நீ சொல்லு, போறேன். இல்லன்னா இங்கயே கிடக்கேன்" என்கிறான். ஏன் என் வாயிலிருந்தே வரவேண்டும்?

ஜனவரி 15

அறிக்கை வெள்ளிக்குள் வேண்டுமாம். எங்கள் துறைத் தலைவர் மார்கெத்தா கேட்டுவிட்டார். தூக்கம் வருகிறது.

ஜனவரி 16, புதன்

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ரெய்யோ, காபி ஊற்றிக்கொண்டே சொன்னார். "ஆராய்ச்சிக்காரம்மா, உன் சோதனை வாரத்துல என்னா குளிரு! சீவல் இறங்குற குழாயிலயே பாறையா உறைஞ்சு நின்னுருச்சு. வழக்கம்போலக் கொஞ்சம் கரியைத் தள்ளிவிட்டேன், அப்புறந்தான் இறங்குச்சு."

"கரி எரிக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"எங்க எரிச்சேன்? வழிதானே விட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இங்கே குளிர்காலத்தில் எல்லோரும் செய்வதுதான் — வழுக்கும் பாதையில் மணல் தூவுகிற மாதிரி. அதை யாரும் எரிபொருளாக நினைப்பதில்லை. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் வளையத்தைக் காத்தது எது? கந்தகமா, அண்ணனின் கரியா?

ஜனவரி 17

மார்கெத்தாவிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, முதல்லேருந்து ஆரம்பி" என்றார். அவ்வளவுதான்.

மாலையில் தார்மோவின் போன். ரெய்யோ சொல்லியிருக்கிறார். "பாத்தியா, கரி இல்லாம ஒண்ணும் வேகாது!" வெகு நாளைக்குப் பிறகு சிரித்தான். கித்திலாவுக்கு வரவில்லை என்று சொல்லப்போகிறானாம்.

சோதனை செல்லாது என்றால் கந்தகம் தோற்றது என்று அர்த்தமில்லை. ஆய்வகத்துச் சிறிய உலையில், துளிக் கரி இல்லாமல், அது ஒவ்வொரு முறையும் தாங்கியிருக்கிறது. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம் இல்லையா?

ஜனவரி 19, சனி

சௌனாவில், மேல் பலகையில் உட்கார்ந்துகொண்டு, வழக்கத்தை உடைத்தேன். "அண்ணா, அடுத்த சோதனையில கந்தகம் நிக்கும்னுதான் நினைக்கிறேன். நீ கித்திலா போயிடு."

அவன் அடுப்பின் சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்து முகத்தை மறைத்தது.

"இங்க வேலைப் பேச்சு வேணாம் ஹில்லா."

பிப்ரவரி 2

கித்திலாவில் வேறொருவனைச் சேர்த்துவிட்டார்கள்.

மார்ச் 8, வெள்ளி

மறுசோதனை முடிந்தது. இந்த முறை கரிக் கிடங்குக்குப் பூட்டு. ரெய்யோ கடப்பாரையால் இடித்தே சீவலை இறக்கினார், நேரமெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு. வளையம் சுத்தமாக வந்தது. நான் சொல்வதற்கு முன்பே தார்மோவுக்குத் தெரிந்திருந்தது.

மே 18, சனி

கரி எடுப்பதை நிறுத்திச் சதுப்பை மூடிவிட்டார்கள். தார்மோவுக்கு அந்தச் சதுப்பிலேயே வேலை கொடுத்திருக்கிறார்கள். கரி காய்வதற்காக அப்பாவும் அவனும் வெட்டிய வடிகால்களை அடைத்து, மறுபடி தண்ணீர் தேக்க வேண்டும். இலையுதிர் காலம் வரைக்கும்தான் வேலை.