மகளோடு நின்றவர்களுக்கு ஒரு போஸ்டர்

ஐப்பசி 12, வியாழன்

இன்று ராஜபாளையத்தில் போஸ்டர் அடிக்கிற கடையில் என் மானம் போனது. கண்ணீர் அஞ்சலிக்குப் படம் அனுப்பச் சொன்னான் கடைக்காரன். கண்ணாடி போடாமல் போனில் எதையோ அமுக்கிவிட்டேன். திரையில், மாலை போட்ட சட்டத்துக்குள், யூனிபார்மில் என் மகள் சிரித்தாள்.

"ஏலே, அது எம் மக! உசுரோட இருக்கா, எடுலே!"

கடையே திரும்பிப் பார்த்தது.

பிறகுதான் சரியான படத்தை அனுப்பினேன். வடக்கே, நாட்டு எல்லையில் கடத்தல்காரர்கள் சுட்டுக் கொன்ற இரண்டு சுங்க அதிகாரிகள். என் மகள் வேலை பார்க்கிற அதே சோதனைச் சாவடி.

"அவிய யாரு மச்சான் நமக்கு? பேரே வாயில நுழையல. பிள்ளை அதே வேலையில இருக்கைல இது அபசகுனம்லா?" என்றான் கூட வந்த மச்சினன்.

"அவளுக்குத் துணையா நின்னவிய எனக்குச் சொந்தந்தான். அடியில எம் பேரைப் போடு. பெருசாப் போடு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் நானே ஒட்டினேன். பாதிப் பசை என் வேட்டியில்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "மாமா அனுப்புன போஸ்டரைப் பாத்தேன்ப்பா. வந்துருன்னு அம்மா அழுவுது. நான் வரமாட்டேன். அவிய நின்ன இடத்துல நான் நிக்கணும்."

"நில்லு தாயி. எவன் வாரான்னு பாத்துருவோம்!" என்றேன், அங்கே துப்பாக்கி பிடிக்கப் போவது நான்தான் என்பது போல.

அந்தச் சட்டத்துக்குள் முதலில் வந்தது யார் முகம் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.