ஓர் எழுத்தும் குறையாமல்

வெள்ளவத்தை,
1937 பங்குனி 6

அன்பு மகன் சவுந்தரநாயகத்துக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் அப்பாவும் நானும் சுகம், நீயும் சிரம்பானில் அப்படியே இருக்க நாள்தோறும் கேட்டுக்கொள்கிறோம். செவ்வாய்க்கிழமை உன் கடிதம் கிடைத்தது. றெயில்வே குவாட்டர்ஸ் மாறியது நல்லது, ஆனால் வேலைவிட்டு வந்த வேர்வையோடு கிணற்றில் குளிக்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. இங்கே பத்து நாளாக மழையில்லை, கடற்காற்றில் யன்னல் கம்பியெல்லாம் துருவேறுகிறது, நானும் விடாமல் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மாவுக்குத் துடைப்பதை விட்டால் வேறு வேலையில்லை என்று நீ சிரிப்பாய், சிரி. கொன்ஸ்ரன்ஸ் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, ஏன் என்று விசாரித்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். விசாரிக்கத் தேவையில்லை மகன். காரணம் நான்தான்.

நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமை அவளுடைய தாய் ஐறீன் உங்கள் கலியாணப் பேச்சுக்காகத் துறைமுகப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். கேக் கொண்டுவந்து, மரியாதையாக இருந்து கதைத்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவர் படலை தாண்டியதும் நான் அந்தக் கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மூன்று தரம் கொதிநீர் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த ஐறீன் எனக்குப் பின்னால் நின்றார். எல்லாவற்றையும் கண்டார், கேட்டார், குடையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றிலும் இதைச் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கண்ணில் படலம் விழுந்ததிலிருந்து காலையில் வேதம் வாசிப்பது நான் என்று உனக்குத் தெரியும், நாளுக்கு ஓர் அதிகாரம். இந்தத் திங்கட்கிழமை ஏசாயா ஆறு. அது எனக்கு எப்போதும் பிடித்த அதிகாரம். ஆண்டவருடைய அங்கியின் தொங்கல் மட்டுமே ஆலயத்தை நிறைத்ததாம், உனக்குச் சட்டை தைத்த எனக்கு அது எத்தனை முழம் துணி என்று நினைக்கவே மூச்சு முட்டும். அவர் பரிசுத்தர் என்று மூன்று தரம் பாடுகிற தூதர்கள் முகத்தையும் மூடிக்கொள்கிறார்கள், காலையும் மூடிக்கொள்கிறார்கள். அவர்களிடம் என்ன அழுக்கு இருக்கிறது? அழுக்கே இல்லாதவர்களும் அந்த மகிமைக்கு முன்னால் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானோ இத்தனை வருடமும் பரிசுத்தம் என்றால் பெரிய சுத்தம் என்றே நினைத்திருந்தேன், ஞாயிறு பள்ளியில் உங்களுக்கும் அப்படித்தான் படிப்பித்தேன், நகம் வெட்டு, காது கழுவு என்று. பிறகு ஐந்தாம் வசனம் வந்தது. அந்தத் தீர்க்கதரிசி கையையோ காலையோ சொல்லவில்லை, தன் உதடு அசுத்தம் என்கிறார். எனக்கு அதற்கு மேல் வாசிப்பு ஓடவில்லை. ஏனப்பா நிண்டுபோனீர், அதிகாரம் முடிஞ்சுதோ என்று அப்பா கேட்டார். செவ்வாயும் அதே இடத்தில் நின்றேன், புதனும் நின்றேன். கடைசியில் அப்பா, இதில நிக்கிறதிலும் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போயிட்டு வாருமன் என்றார்.

வியாழக்கிழமை போனேன். ஐறீன் கதிரை போட்டு இருத்தினார். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், அதை ஏன் மறைக்கவேண்டும். நான் மன்னிச்சுக் கனநாள், ஆனா பிள்ளையின்ர மனசு பிள்ளையோட என்றார். கொன்ஸ்ரன்ஸ் வந்து நின்றபடியே சொன்னாள், எனக்கு உங்கட கண்ணீர் வேண்டாம், அண்டைக்குச் சொன்னதை ஒரு எழுத்தும் குறையாமல் உங்கட மகனுக்கு எழுதுங்கோ, அதை வாசிச்ச பிறகும் அவர் எனக்கு எழுதினா நான் பதில் போடுறன் என்று. கெட்டிக்காரிதான் உன் ஆள். அந்த நேரம் எனக்குக் கோபம் வந்தது, வீடு வந்து சேருமுன் அது போய்விட்டது.

ஆகவே எழுதுகிறேன். நான் சொன்னது இது: துறைமுகத்து ஊத்தைச் சனம், இதுகளை வீட்டுக்குள்ள எடுத்தா எத்தினை தரம் கழுவினாலும் போகாது. கோபத்தில் வாய் தவறிச் சொன்னதல்ல, யாரும் என்னைத் தூண்டவும் இல்லை. நினைத்ததைத்தான் சொன்னேன். நான் பெற்ற பிள்ளைக்கு இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆண்டவர் உன்னைப் போகிற இடமெல்லாம் காத்து நடத்துவாராக. அப்பாவும் தம் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார். காலை வாசிப்பைக் கைவிடாதே. இந்தக் கிழமைத் தபாலிலேயே அவளுக்கு எழுது, எனக்கு என்ன எழுதுவதென்று பிறகு யோசிக்கலாம்.

உன் அம்மா,
இரத்தினம்மா