அப்பாவின் தொண்டை

யாழ்ப்பாணம்
03.02.2024

அன்புள்ள சுலோ அக்காவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமா? போனில் கதைத்தால் எங்கள் கதை சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்று மருத்துவபீடத்தில் எங்களுக்கு, நோயாளி மூச்சுவிட மூச்சுக்குழாய்க்குள் ரியூப் விடப் பழக்கினார்கள். இறந்தபின் தன் உடலை மருத்துவபீடத்துக்குத் தரச் சொன்ன யாரோ ஒரு ஐயாவில் பழகினோம். பொம்மையில் பத்துத்தரம் சரியாகச் செய்தவள், அவருடைய நாக்கை ஒதுக்கிவிட்டு இரண்டுதரம் உணவுக்குழாய்க்குள் விட்டுவிட்டேன். மூன்றாம் தரம் குரல்நாண் இரண்டும் வெள்ளையாய்த் தெரிந்தன. ரியூப் உள்ளே போனது. அப்பாவிடம் போனில் சொன்னேன். ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார்!

அன்புத் தங்கை,
கஜனி

எழுவைதீவு
12.02.2024

கஜனிக்கு,

அந்த ஒரு மணித்தியாலமும் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

பாரிசவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் வழங்காமல் போய் ஆறு வருசம். கழுவித் துடைக்கிறது நான். வருகிற ஆட்களுக்கு அவர் சொல்கிறது உன் பெயரை. அதையும் பொறுத்தேன். நேற்று கிராம அலுவலர் விதானையாரைக் கூப்பிட்டு, செத்தபிறகு தன் உடலை மருத்துவபீடத்துக்குக் கொடுப்பதாகக் கைநாட்டு வைத்துவிட்டார்.

"என்ர கஜனி மாதிரிப் பிள்ளையள் என்னிலை பழகட்டும்" என்றார்.

"அப்ப எனக்கு என்ன மிச்சம், அப்பா?" என்று கேட்டேன். சிரிக்கிறார்.

அவருக்குப் பிறகு ஒப்படைக்க என் கையெழுத்தும் வேண்டுமாம். வைக்கமாட்டேன்.

சுலோஜனா

யாழ்ப்பாணம்
20.02.2024

அக்கா,

சத்தியமாய் நான் அப்பாவிடம் அதைக் கேட்கவில்லை.

போனமுறை வந்தபோது அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். "சுலோ எங்கை?" என்று கேட்டவர், நீங்கள் கிணற்றடியிலிருந்து வரும்வரை அந்தத் தண்ணீருக்கு வாய் திறக்கவில்லை. அன்று உங்கள்மேல் எனக்கு வந்த எரிச்சலை இன்றுதான் சொல்கிறேன்.

உங்களுக்கு விருப்பமில்லையென்றால் நானும் அவரைக் கொடுக்கச் சம்மதிக்கமாட்டேன்.

கஜனி

எழுவைதீவு
09.09.2024

அன்புத் தங்கைக்கு,

அப்பா போய் முப்பத்தொரு நாள். அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. கரைக்கச் சாம்பல் இல்லை. "கொள்ளி வைக்காமல் அனுப்பிப்போட்டியள்" என்று மாமி முகத்துக்கு நேரே சொன்னா.

அவர் உடலை மருத்துவபீடத்தில் ஒப்படைத்த அன்று நீ என் கையைப் பிடித்து நன்றி சொன்னாய். உனக்காக நான் கையெழுத்து வைக்கவில்லை, கஜனி. கடைசிக் கிழமை முழுக்க அவர் கேட்டது அது ஒன்றைத்தான். அவர் கேட்டு நான் செய்யாதது என்று ஒன்று இருக்கக்கூடாது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அவரை வைத்துப் பழக்குகிற நாளில் ஊர்பேர் தெரியாத பிள்ளைகள் எல்லாரும் பழகட்டும். பிழை விட்டால் திரும்பச் செய்யட்டும். நீ மட்டும் அந்த அறைக்குள் போகாதே. எங்கள் இரண்டு பேரில், ஊட்டவும் துடைக்கவும் அந்த வாயைத் திறந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அதை எனக்கு விட்டுவிடு.

அக்கா