நாங்கள் பால் காய்ச்சிய சேர்ச்

வுப்பர்டால், ஜேர்மனி
நவம்பர்

அன்புள்ள மகன் சாருஜனுக்கு,

மெல்பேர்னில் நீயும் மைதிலியும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் நோவைத் தவிர நாங்கள் சுகம். போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அரிசிக் கிட்டங்கிக்கு நான் பார்த்து வைத்த இங்கிலிஸ் சேர்ச்சின் கதை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே பக்கத்துக் கிராமத்தில் முகாம் போட்ட இங்கிலாந்துப் பட்டாளம் முதலில் ஒரு பலகைக் கொட்டிலில்தான் கும்பிட்டதாம், அது எரிந்துபோகச் செங்கல்லில் இதைக் கட்டினார்களாம். சுற்றியிருந்த கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அங்கிலிக்கன் பங்குதான், ஒரே பாதிரியார்தான் ஜீப்பில் ஓடித் திரிந்தாராம். பட்டாளம் போனபின் கட்டடம் பூட்டிக் கிடந்தது. லொறி வாசல்வரை வரும், உள்ளே எப்போதும் குளிர், அரிசியில் வண்டு பிடிக்காது. வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். புது இடம் என்று அம்மாவைக் கொண்டு பால் காய்ச்சுவித்தேன், பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் குடித்துவிட்டு மூட்டைகளை இறக்குவித்தோம். நீங்கள் மெல்பேர்னை விட்டு வந்து அந்தச் சேர்ச்சின் மேல்மாடி அறைகளில் இருக்கப் போவதையும், பிள்ளை வரப் போவதையும் அங்கே பீடத்தடியில் நின்றுதான் அவளுக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கும்பிட வருகிறவர்கள் இருக்கிற நீள வாங்குகளின் முதுகில் கொளுக்கி போட்டு, மண்டியிட்டுச் செபிக்கிற சின்ன மெத்தைகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் தைத்திருக்கும். காலையில் திறந்தால் முன்வரிசை மெத்தைகள் நிலத்தில் கிடக்கும், நடுவில் குழி விழுந்திருக்கும். அந்தக் குளிரிலும் குழியைத் தொட்டால் சூடு. ஊர்ப் பொடியளின் விளையாட்டு என்று பூட்டை மாற்றினேன், பலனில்லை. முந்திச் சாவி வைத்திருந்த எல்ஸ்பெத்தைப் போய்க் கேட்டேன், ஒரு பட்டாளத்துக்காரரின் விதவை, அந்தப் பங்கில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பெண்கள் ஒரு மெத்தை தைப்பார்களாம், மாற்றலாகிப் போகும்போது அவரவர் தன்னுடையதைக் கொண்டுபோய்விடுவாராம், தொங்குவதெல்லாம் போகாதவர்களுடையதாம். அவர்கள் எங்கே என்று கேட்டேன். உள்ளேதான் என்றாள், குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறவர்களைச் சொல்வதுபோல.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஆக்கள் இருக்கிற வீட்டில என்னைப் பால் காய்ச்ச வைச்சிட்டீங்களேயப்பா, இப்ப அவையும் நாங்களும் ஒரு வீட்டுச் சனம்" என்றாள். நான் எலிக்கும் ஈரத்துக்கும் தவிர எதற்கும் பயந்து வியாபாரம் செய்ததில்லை, உனக்குத் தெரியும். ஆனால் இன்று காலை முன்வரிசையின் ஓரத்தில், நான் ஒருநாளும் காணாத ஒரு மெத்தை இருந்தது. மிகச் சின்னது. நூல் புதுசு, தூசி இல்லை. எல்ஸ்பெத்தின் விரல்கள் மடங்காது, அவளால் ஊசி பிடிக்க ஏலாது.

சேர்ச்சை வாங்குகிற பத்திரத்தில் கையெழுத்து வைக்க வெள்ளிக்கிழமை நோட்டாரிடம் டெர்மின் குறித்திருந்தேன். நான் போகப் போவதில்லை. மூட்டைகளை ஏற்றச் சொல்லிவிட்டேன், நட்டம் என்னோடு போகட்டும். நீங்கள் டிக்கெட்டை மாற்ற வேண்டாம், நேரே எங்கள் வீட்டுக்கு வாருங்கள், இடத்தை ஒருக்கால் பார்ப்போம் என்று மைதிலியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடாதே. அவளை இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடச் சொல். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, எங்கள் கண்முன்னே வாழ வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைக்குப் பெயர் பார்த்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். பிறக்குமட்டும் அதை ஒருவருக்கும் சொல்லாதே, எனக்கும் எழுதாதே. அந்தச் சின்ன மெத்தையில் பெயர் தைக்கிற இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

அன்புடன்
அப்பா
தம்பித்துரை