ஐஸ் பெட்டியில் வராதது

என் அன்பானவருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், கொட்டகைக்கு ஓடினேன். உங்கள் தம்பி வாசலில் நின்று அண்ணி, அண்ணி என்று போட்ட சத்தத்தில் பாம்புதான் புகுந்துவிட்டது என்று நினைத்தேன். விளக்குமாற்றோடு போய்ப் பார்த்தால், மூலையில் உமிக்குள் ஒரு முட்டை. புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஓட்டின் மேல் மெல்லிய கீற்றாக ரத்தம். முதன்முதலாக இடும்போது அப்படித்தான் இருக்குமாம். கையில் எடுத்தேன், சூடு ஆறவில்லை. தம்பி ஏதோ தானே இட்டதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்.

அத்தை அதைக் கண்ணாடி அலமாரியில், நல்ல கோப்பைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாதாம். அதற்குள் அழுகிவிடும் அத்தை, போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றேன். "போட்டோவைப் பார்த்து முடிவு பண்ண அது என்ன பொண்ணா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் இன்னும் சில கோழிகள் இட்டுவிட்டன. அவற்றை வறுத்துச் சாப்பிட்டுவிட்டோம். உப்பு கொஞ்சம் அதிகம். யாரும் குறை சொல்லவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பத்து வார்த்தை பேசினால் நீங்கள் ஒரு "ம்" சொல்வீர்கள். அந்த "ம்" சந்தோஷத்திலா, தூக்கத்திலா என்று யோசிப்பதிலேயே என் பொழுது போய்விடும். உங்களோடு வேலை செய்கிற நம் ஊர் மெக்கானிக் அண்ணன் விடுமுறை முடிந்து அடுத்த வாரம் அங்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே என் மனம் புரிகிறது.

கல்லூரியில் தாராள வர்த்தகம் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கட்டுரையில் கோழிக்கால் வரவில்லை. இறக்குமதி வரியைக் குறைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: பணக்கார நாட்டுக்காரர்களுக்கு நெஞ்சுக்கறி போதும், கால் அவர்களுக்கு மிச்சம். மிச்சத்தை எந்த விலைக்கும் தள்ளிவிடலாம். நாம் அப்படியா? எந்தக் கோழியும் நமக்காகக் காலை மட்டும் தனியாக வளர்த்துத் தராது. முழுக்கோழிக்கும் தீவனம் போட்டுவிட்டு அந்த விலைக்கு விற்க முடியுமா? கறிக்கோழி வளர்த்த நம் இரண்டு கொட்டகையும் காலியானதும், அந்தக் கால்களை வெட்டி அடுக்குகிற தொழிற்சாலைக்கே நீங்கள் வேலைக்குப் போனதும், இப்போது யோசித்தாலும் யாரோ கிண்டலுக்குச் செய்ததுபோல இருக்கிறது.

நம் பெண் கடைக்குப் போனால் வெளிநாட்டுக் கோழிக்கால் வைத்திருக்கும் அந்த ஐஸ் பெட்டிகளின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள். போன மாதம் ஒரு பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு, "இது அப்பா வெட்டினதா இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். கடைக்காரர் மூடியைச் சாத்தச் சொல்லும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பெட்டிமேல் எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி அக்கா முன்பு எப்போதாவதுதான் கறி வாங்குவாள். இப்போது அவள் பிள்ளைகள் வாரம் தவறாமல் சாப்பிடுகிறார்கள். என்னைக் கண்டால் பையை முந்தானைக்குள் மறைக்கிறாள். எதுக்குக்கா மறைக்கிற, அதை வெட்டினவர் சம்பளத்துலதான் நாங்களும் சாப்பிடறோம் என்றேன். இரண்டு பேரும் தெருவிலேயே சிரித்தோம்.

கறியில் இனி அவர்களோடு மல்லுக்கு நிற்க முடியாது, ஆனால் உடைகிற பொருளைக் கப்பலில் போட்டு இவ்வளவு தூரம் அனுப்புவது லேசில்லை என்று தோன்றித்தானே சின்னக் கொட்டகையில் முட்டைக்கோழி விட்டோம். நாளைக்கே முட்டைக்கும் யாராவது வழி கண்டுபிடிக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

இதில் நடந்த கூத்தைக் கேளுங்கள். முட்டையிட வேண்டிய பருவம் தாண்டியும் ஒன்றுகூட இடவில்லை. கால்நடை டாக்டர் வந்தார். ஒரு கோழியைத் தூக்கினார், கீழே வைத்தார், இன்னொன்றைத் தூக்கினார். பிறகு, "இதுங்களை என்ன மல்யுத்தத்துக்கா அனுப்பப்போறீங்க?" என்றார். இத்தனை வருஷம் கறிக்கோழி வளர்த்த குடும்பம் அல்லவா, தீவனத் தட்டு காலியாக இருந்தால் நம் கண் பொறுக்குமா? தம்பி ஒரு தடவை நிரப்புவார், அவர் போனதும் நான் நிரப்புவேன், எங்கள் இருவருக்கும் தெரியாமல் அத்தை ஒரு கை போடுவார்கள். கொழுத்த கோழிக்கு முட்டையிட மனம் வராதாம். அன்றிலிருந்து அளவுச் சாப்பாடு. தட்டைப் பார்த்துவிட்டு அவை என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, மாமியாரிடம் சோறு கேட்கிற மருமகள் தோற்றாள். அத்தையிடம் இதைச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் கொட்டகைப் பக்கமும் போகவில்லை. கோழிகள் இளைத்தன.

இப்போது ஐஸ் வியாபாரி விஷயம். கோழிகள் இடாமல் இருந்தபோது பேசியபடி, நாளைக் காலை சாவிக்காக வருகிறார். இரண்டு கொட்டகையையும் குளிர்கிடங்காக மாற்றி, ஊருக்கு வரும் கால் பெட்டிகளை எல்லாம் இங்கேயே அடுக்கப்போகிறார். நல்ல மனிதர்தான். டேப்பை வைத்து அளந்தபோதுகூட, மன்னிச்சுக்கம்மா என்று கோழிகளை ஒதுக்கிவிட்டு அளந்தார். மாதாமாதம் வாடகை நிச்சயம். நீங்களும் போனில், "கொடுத்துடு, நான் இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருந்துடறேன்" என்றீர்கள். சரி என்றேன். அன்றைக்கு அந்தச் "சரி"யில் பொய் இல்லை.

நேற்று மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார். டீ கொடுத்தேன். டம்ளரை வாங்கியவர் சிரித்துக்கொண்டே, இங்கே ஒரு கையில் பிடிக்க முடிகிறது, அங்கே உங்கள் வீட்டுக்காரரும் நானும் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடிப்போம் என்றார். ஏன் என்று கேட்டேன். நாள் முழுக்க ஐஸ் அறைக்குள் அதே வெட்டு, அதே மூட்டு. வெளியே வந்தால் விரல் மடங்காது என்றார். உங்களுக்கு வலது கையில் மூன்று விரல்கள் காலையில் நிமிரவே நேரமாகிறதாம். நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் பேசினார். பாவம், என் முகத்தைப் பார்த்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஒரு வருஷமாக நீங்கள் ஏன் கடிதம் எழுதுவதில்லை என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. நேற்றோடு போய்விட்டது.

இன்று மாலை பெரிய கொட்டகையைத் தனியாகத் திறந்து உள்ளே நடந்தேன். கூரையில் ஓட்டை இல்லை. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்துவிடலாம். முட்டை வந்த சந்தோஷத்தில் எடுத்த முடிவு என்று நினைக்காதீர்கள். சந்தோஷம் தைரியம் கொடுத்தது, காரணம் வேறு. நாளை வியாபாரியை உட்காரவைத்து, முட்டை வறுத்துக் கொடுத்து, சாவி இல்லை என்று சொல்லப்போகிறேன். பெரிய கொட்டகையிலும் குஞ்சு இறக்கப்போகிறேன். தம்பிக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியாது. இப்போது இந்தக் காகிதத்துக்கு மட்டும் தெரியும். நீங்கள் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். கோபம் வந்தால் அங்கிருந்தபடியே திட்டிக்கொள்ளுங்கள், எனக்குக் கேட்காது.

கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கையுறை போடாமல் உள்ளே போகாதீர்கள். வேலையை நீட்டிக்க ஒப்பந்தக் காகிதம் நீட்டினால், இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு யோசியுங்கள். குஞ்சுகளை நன்றாக மழை விட்ட பிறகுதான் இறக்குவதாக இருக்கிறேன். ஒரு கொட்டகையைத் தம்பி பார்த்துக்கொள்வார். இரண்டுக்கு அவர் ஒருவர் போதாது.

உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளும்,
உங்கள் மனைவி