ஆளுக்கொரு காட்டேஜ்

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அறையில் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் அங்கே சுகம்தானா? போனில் பேசினால் நீ நாலு நல்ல வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

காட்டு ரிசார்ட் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். இடத்தைக் குறை சொல்ல முடியாது. மரங்களுக்கு நடுவே மர வீடுகள், ஜன்னலைத் திறந்தால் கிளை உள்ளே வருகிறது. உன் அண்ணன் குரங்குக்குப் பயந்து பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தான், உன் அக்கா படகில் ஏறும்போது செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு என்னைக் குற்றம் சொன்னாள். எல்லாரும் ஒன்றாக இருந்து எத்தனை காலமாயிற்று என்று பூரித்துப் போயிருந்தேன். நீ மட்டும் இல்லையே என்ற குறைதான். நீயோ தினமும் வீடியோவில் வந்து, "நல்லா தூங்குனியாம்மா, அப்பா நல்லா தூங்குனாரா" என்று கேட்டாய். என் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப் போனேன்.

போன அன்றே அப்பாவை அண்ணன் குடும்பத்தோடு ஒரு காட்டேஜிலும், என்னை அக்கா குடும்பத்தோடு ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொன்றிலும் போட்டார்கள். "வேற ரூம் கிடைக்கலை, அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றான் அண்ணன். படுக்கும்முன் அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து நான்தான் விடுவேன், வேறு யார் கை வந்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், உனக்குத் தெரியும். எனக்கும் அவர் குறட்டை காதில் விழாமல் தூக்கம் பிடிக்காது. ஆனாலும் ஆசையாகக் கூட்டி வந்த பிள்ளைகள் மனசு கோணக்கூடாதே என்று காலையில் ஜம்மென்று தூங்கினேன் என்று சொல்லி வைத்தேன். அங்கே அவரும் அதையே சொல்லியிருக்கிறார். பெரிய மருமகள் விட்ட மருந்து கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "கரெக்டா விழுந்துதும்மா" என்றாராம்.

கிளம்பும் நாள் காலைச் சாப்பாட்டில்தான் அக்கா வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "பாத்தீங்களா அத்தை, தனித்தனியா இருந்தும் ரெண்டு பேருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. சின்னவர் சொன்ன மாதிரி இங்கயே ஒரு ட்ரையல் பாத்தது நல்லதாப் போச்சு, இனி வீட்டைக் காலி பண்ணிட்டு மாமா பெரியவர்கிட்ட, நீங்க எங்ககிட்ட" என்றார். அக்கா மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். மிதித்து என்ன புண்ணியம்? நீ எதற்காகத் தூக்கத்தை விசாரித்தாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில், வலிக்கவில்லை என்று பொய் சொல்லும் நோயாளியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். பெற்ற பிள்ளைகளிடம் கோட்டை விட்டேன். உங்கள் சந்தோஷத்துக்காக நாங்கள் சொன்ன பொய்யையே எடுத்து எங்களைப் பிரிக்கப் பார்த்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதுவும் உன் யோசனையாம். அப்பா எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், வண்டி வரும்வரை அசையவில்லை.

வயதாகிறது, ஒத்தாசை வேண்டும், வாஸ்தவம்தான். எங்களைக் கேட்டிருக்கலாம். வேலைக்கு ஆள் வையுங்கள், இல்லை இரண்டு பேரையும் சேர்த்து யாராவது ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். மேஜை நாற்காலி மாதிரி பங்கு போட்டால் நாங்கள் வரமாட்டோம். வீட்டைக் காலி செய்வதாக இல்லை.

அங்கே குளிர் அதிகமாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இனிமேல் தூங்கினாயா என்று என்னைக் கேட்காதே, கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். கோபத்திலும் உங்களைச் சபிக்க எனக்கு வரவில்லை. நீயும் மருமகளும் தலை நரைத்து, பல் கொட்டி, ஒருவர் குறட்டையை ஒருவர் திட்டிக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருங்கள். உங்கள் பிள்ளைகள் உங்களை ஒரே அறையில் படுக்க விடட்டும்.

தனியாக எழுத மாட்டேன் என்று அப்பா இதிலேயே கையெழுத்துப் போடுகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மாவும் அப்பாவும்